பிழைத்து வந்த தகப்பனின் பிள்ளை



சென்ற இதழைப் படித்துவிட்டு நம் பங்காளர் ஒருவர் எங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார். பல வருடங்களாக இந்த ஊழியத்தைத் தாங்கி வருகிறவர் அவர். கடிதத்தில் வாழ்த்தும் இருந்தது, ஒரு கேள்வியும் இருந்தது. "வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. படிப்புக்கு அரசாங்கமும் உதவுகிறது. அப்படியிருக்க, மருத்துவமனை எதற்காக அவருடைய பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டும்? அந்தப் பணத்தில் இன்னும் நான்கு பேருக்கு ஆபரேஷன் செய்யலாமே?"

நியாயமான கேள்வி. காணிக்கை கொடுக்கிறவர் கேட்க வேண்டிய கேள்வியும்கூட. உங்களில் வேறு சிலருக்கும் இதே எண்ணம் வந்திருக்கலாம். ஆகவே இந்த மாதம் அதற்கான பதிலையே கட்டுரையாக எழுதுகிறோம்.

எங்கள் வாசலுக்கு வரும் கைகள்

மூலக்கொத்தளத்தை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். பேசின் பிரிட்ஜுக்கும் பழைய வண்ணாரப்பேட்டைக்கும் இடையில் இருக்கிறது இந்தப் பகுதி. பழைய நகர மதிலின் மூலையில் நின்ற கொத்தளத்தால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். இங்கிருந்து கிழக்கே போனால் ராயபுரம், காசிமேடு, 1881 முதல் இயங்கி வரும் துறைமுகம். வடக்கே தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர். வடமேற்கே மணலியின் எண்ணெய், உர ஆலைகள். இந்தப் பெரிய பெயர்களுக்கு இடையில், சந்துக்குச் சந்து, பெயர்ப்பலகைகூட இல்லாத லேத் பட்டறைகள், பிரஸ் பட்டறைகள், வெல்டிங் கடைகள், ஐஸ் பேக்டரிகள், பழைய இரும்பு உடைக்கும் கிடங்குகள்.

இந்தப் பகுதியில் அடிபட்டு வருகிறவர்களிடம் அதிகம் பார்ப்பது கை காயம். பவர் பிரஸ் என்பது தகட்டை ஒரே அடியில் வெட்டி வளைக்கும் எந்திரம். பழைய வகையில், கையால் தகட்டை உள்ளே வைத்துக் காலால் பெடலை மிதித்தால் அச்சு இறங்கும். ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான முறை கை உள்ளே போய் வெளியே வரும். ஒரே ஒரு முறை கால் முந்திக்கொண்டால் போதும், விரல்கள் போய்விடும். இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும் எந்திரங்கள் உண்டு. குறுக்கே கை வந்தால் தானே நின்றுவிடும் ஒளித்தடுப்பும் உண்டு. அவற்றுக்குச் செலவாகும், வேலையும் சற்று மெதுவாகும். அதனால் சிறிய பட்டறைகளில் பல வேளை அவை இருப்பதில்லை, இருந்தாலும் கழற்றி வைக்கப்படுகின்றன.

நமக்கு அருகிலேயே அரசு ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. அங்கே மருத்துவர் ஆர். வெங்கடசாமி அவர்கள் 1970களில் கை காயங்களுக்கென்றே ஒரு தனிப் பிரிவை வளர்த்தார். அது இன்று கை அறுவைக்கும் மறுவாழ்வுக்கும் பெயர்பெற்ற நிலையமாக இருக்கிறது. அப்படி ஒரு நிலையம் வடசென்னையில் வளர்ந்ததில் ஆச்சரியமில்லை. இங்கே அடிபட்ட கைகள் அவ்வளவு.

இனி, மருத்துவமனையில் இருக்கும் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட ஒன்றைச் சொல்கிறோம். அடிபட்ட முதல் நாள் வலியைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டாம் நாள் விரல் ஒட்டுமா என்று கேட்பார்கள். மூன்றாம் நாள் கட்டுப் பிரிக்கும்போது பேச்சு வேறாகிவிடும். "சிஸ்டர், பெரியவன் பன்னெண்டாவது முடிச்சிருக்கான். காலேஜுக்கு பாரம் வாங்கி வெச்சிருக்கான். இனிமே எங்க சிஸ்டர்..." என்று தொடங்கி, முடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

சட்டம் போடும் கணக்கு

வேலையில் அடிபட்டவருக்கு நஷ்டஈடு என்பது நம் நாட்டில் நூறு வருடங்களைக் கடந்த ஏற்பாடு. தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் அதே 1923இல்தான். பின்பு 1948இல் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம், அதாவது நாம் எல்லாரும் ஈ.எஸ்.ஐ. என்று சொல்வது, வந்தது. 2025 நவம்பர் 21 முதல் இவை இரண்டும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டன.

1923ஆம் வருடச் சட்டம் போட்ட கணக்கை ஒரு உதாரணத்தால் விளக்குகிறோம். ஒருவருக்கு வயது 40. மாதச் சம்பளம் 15,000 ரூபாய். ஒரு கையில் நான்கு விரல்களையும் இழந்துவிட்டார். சட்டத்தின் அட்டவணைப்படி அது சம்பாதிக்கும் சக்தியில் 50 சதவீத இழப்பு. கட்டைவிரல் மட்டும் போனால் 30 சதவீதம். சம்பளத்தில் 60 சதவீதத்தை எடுத்து, அதாவது 9,000 ரூபாயை, வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. வயது குறைவானால் எண் கூடும், ஏனெனில் இழந்த வருடங்கள் அதிகம். பெருக்கினால் 16,57,530 ரூபாய். அதில் 50 சதவீதம் 8,28,765 ரூபாய்.

ஈ.எஸ்.ஐ.யில் உள்ளவருக்கு இந்த மொத்தத் தொகை கிடையாது. அங்கே வேறு விதம். குணமாகும் வரை சம்பளத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் கிடைக்கும். ஊனம் நிலைத்துவிட்டால், இழப்பின் அளவுக்கு ஏற்ப ஆயுள் முழுவதும் மாதாமாதம் பணம் வரும். சிகிச்சையும் உண்டு. நல்ல ஏற்பாடு என்றே சொல்வோம்.

எட்டு லட்சம் என்று கேட்டதும் நம் பங்காளரின் கேள்வி இன்னும் பலமாகத் தோன்றும். ஆனால் அந்த 15,000 ரூபாய்ச் சம்பளத்தை அவர் நிரூபிக்க வேண்டும். சனிக்கிழமை மாலை கையில் எண்ணிக் கொடுக்கப்படும் கூலிக்குச் சீட்டு ஏது? "இவர் எங்கள் ஆள் அல்ல, காண்டிராக்டர் ஆள்" என்பார் பட்டறைக்காரர். காண்டிராக்டரோ போனை எடுக்க மாட்டார். வழக்கு நடக்கும். வாய்தா போகும். பணம் வந்து சேரும்போது அதற்காகக் கடன்காரர் முன்பே வாசலில் நிற்பார்.

இறந்தவர் பிள்ளைக்கு உண்டு, பிழைத்தவர் பிள்ளைக்கு?

இந்தக் கட்டுரையில் முக்கியமாக நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான். தயவுசெய்து கவனித்து வாசியுங்கள்.

தகப்பன் வேலையில் இறந்துபோனால், சட்டம் பிள்ளைகளைத் தேடுகிறது. நஷ்டஈடு யார் யாருக்கு என்று பிரிக்கும்போது பிள்ளையின் பெயரில் பங்கு எழுதப்படுகிறது. சிறுவயதுப் பிள்ளையின் பங்கை வங்கியில் பத்திரமாகப் போட்டுவைக்கவும் வழி இருக்கிறது. ஈ.எஸ்.ஐ.யிலும் அப்படியே. இறந்தவரின் மனைவிக்கு முழு விகிதத்தில் ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஐந்தில் இரண்டு பங்கு, எல்லாம் சேர்ந்து முழு விகிதத்தைத் தாண்டாதபடி குறைத்துக் கொடுப்பார்கள். மகனுக்கு முன்பு 18 வயது வரைதான் இருந்தது. 2010இல் அதை 25 வயதாக உயர்த்தினார்கள். ஒரு பிள்ளை கல்லூரியை முடிக்கும் வயது அது. யாரோ யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

ஆனால் தகப்பன் பிழைத்துக்கொண்டால்? பணம் அவர் பெயரில் மட்டும் வருகிறது. உத்தரவில் பிள்ளையின் பெயர் எங்கும் இல்லை. அவர் உயிரோடு இருக்கிறார், ஆகவே குடும்பத்தை அவர் பார்த்துக்கொள்வார் என்பது சட்டத்தின் எண்ணம். அவரோ அரைக் கையோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். வாட்ச்மேன் வேலை கிடைத்தால் போகிறார், பழைய கூலியில் பாதிக்கும் குறைவுக்கு. மனைவி கூடுதலாக இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். இருவருக்கும் தெரியாத ஒரு முடிவை வீட்டின் மூத்த பிள்ளை தனக்குள் எடுத்துவிடுகிறது.

மூத்தது மகனானால், அப்பா வேலை செய்த அதே சந்தில் எங்காவது ஹெல்ப்பராகச் சேருகிறான். மகளானால், துணிக்கடையிலோ ஏற்றுமதிக் கம்பெனியிலோ நிற்கிறாள், அல்லது கல்யாணம் பேசிவிடுகிறார்கள். கல்லூரிக் கட்டணம் இவர்களைத் தடுப்பது ஒரு பகுதிதான். பெரிய தடை, மூன்று வருடம் சம்பாதிக்காமல் இருக்க வேண்டும் என்பது.

இறந்தவர் குடும்பத்துக்கு ஊரே ஓடிவரும். சபையார் வருவார்கள், சங்கத்தார் வருவார்கள், மந்திரியும் வரலாம். பிழைத்தவர் வீட்டுக்கு இரண்டாம் மாதம் யாரும் வருவதில்லை. எங்கள் கல்வி உதவி அந்த வீட்டுக்காகத்தான்.

முதல் இரவில் எழுதப்படும் ஒரு வரி

இது மருத்துவமனைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அதற்கும் பதில் சொல்கிறோம்.

அடிபட்டவர் எந்த மருத்துவமனைக்கு வந்தாலும், விபத்துப் பதிவேட்டில் ஒரு குறிப்பு எழுதப்படும். எப்போது, எங்கே, எப்படி அடிபட்டது என்று. அதன் நகலை எல்லாரும் ஏ.ஆர். காப்பி என்பார்கள். பிற்காலத்தில் நஷ்டஈட்டு அலுவலகம், ஈ.எஸ்.ஐ., இன்சூரன்ஸ், நீதிமன்றம் எல்லாமே முதலில் கேட்பது இந்தக் காகிதத்தைத்தான்.

அடிபட்டவரைத் தூக்கி வருகிறவர் பெரும்பாலும் பட்டறையின் மேஸ்திரி. நோயாளி மயக்கத்திலோ வலியிலோ இருப்பார். "எப்படி ஆச்சு?" என்று டூட்டி டாக்டர் கேட்டால், "வண்டியில இருந்து விழுந்துட்டாரு சார்" என்றோ, "வீட்டுக் கதவுல மாட்டிக்கிச்சு" என்றோ பதில் வரும். ஆட்டோவில் வரும் வழியிலேயே அது பேசி முடிவாகியிருக்கும். "ஆஸ்பத்திரி செலவு முழுக்க நாங்க பாத்துக்குறோம், கேஸ் மட்டும் வேணாம்" என்ற வாக்கும் கூடவே வரும். முதல் பில் கட்டப்படும். இரண்டாவது பில்லுக்கு யாரும் வர மாட்டார்கள். "வீட்டில் கதவில் சிக்கியது" என்று எழுதியது எழுதியபடி நிற்கும்.

தகட்டு எந்திரம் நசுக்கிய விரலும் கதவில் சிக்கிய விரலும் ஒரே மாதிரி இருக்காது. ஆனாலும் அவசரத்தில் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்ட நாட்கள் எங்களுக்கும் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. இப்போது எங்கள் பிள்ளைகளிடம், அதாவது இளம் மருத்துவர்களிடமும் நர்சுகளிடமும், கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறோம். கூட வந்தவரைச் சற்று வெளியே நிற்கச் சொல்லுங்கள். காயப்பட்டவரிடமே நேராகக் கேளுங்கள். பட்டறை எங்கே, எந்த எந்திரம், எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். அவர் சொல்லும் நிலையில் இல்லையென்றால், கூட வந்தவர் இப்படிச் சொன்னார் என்று எழுதி, நினைவு தெளிந்ததும் மறுபடியும் கேளுங்கள்.

பிள்ளையின் கல்லூரிப் படிப்பு இந்த ஒரு வரியில்தான் தொடங்குகிறது. அந்த வரி சரியாக இருந்தால் நஷ்டஈடும் மாதப் பணமும் வர வழி உண்டு. தவறினால், எவ்வளவு உதவித்தொகை கொடுத்தாலும் அது ஓட்டைப் பானையில் ஊற்றும் தண்ணீர்தான்.

அரசின் உதவிகள்: எது எங்கே நிற்கிறது

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய்சாட்சி. நம் மாநிலத்தில் உள்ள உதவிகளைச் சொல்கிறோம். உங்கள் சபையில் இத்தகைய குடும்பம் இருந்தால் தவறாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

முதலாவது, பள்ளிப் பிள்ளைகளுக்கானது. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் 1 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளையின் சம்பாதிக்கும் தகப்பனோ தாயோ விபத்தில் இறந்தாலும், நிரந்தரமாக முடங்கிப்போனாலும், பிள்ளையின் பெயரில் அரசு ஒரு தொகையை வைப்பாகப் போடும். முதலில் 50,000 ரூபாயாக இருந்தது, பின்பு 75,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பள்ளித் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அருமையான திட்டம். ஆனால் நிரந்தர முடக்கம் என்ற வார்த்தை கடினமானது. நான்கு விரல் போனவர் நடக்கிறார், பேசுகிறார், கையெழுத்தும் போடுகிறார். அவரை முடங்கியவர் என்று எழுதிக் கொடுக்க யாரும் எளிதில் முன்வருவதில்லை. அவரால் லேத் பிடிக்க முடியாது என்பது எந்தச் சான்றிதழிலும் இல்லை.

இரண்டாவது, நலவாரியங்கள். கட்டுமானத் தொழிலாளருக்கு 1994இல் வாரியம் அமைந்தது. உடலுழைப்புத் தொழிலாளருக்கு 1999இல் அமைந்தது. பதிவு செய்தவரின் பிள்ளைக்குப் பட்டம், தொழிற்கல்வி வரை கல்வி உதவி உண்டு. தொகை பெரிதல்ல, என்றாலும் உரிமை. ஆலைகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியமும் கல்வி உதவி தருகிறது. அடிபட்ட பிறகு பதிவு செய்ய ஓடுவதில் பயன் குறைவு. முன்பே பதிந்து, காலம் தவறாமல் புதுப்பித்திருக்க வேண்டும்.

மூன்றாவது, கல்லூரி உதவிகள். குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகிறவருக்கு, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேர்ந்தால், கல்விக் கட்டணச் சலுகையை அரசு 2010இல் தொடங்கியது. ஆனால் பி.காம். சேரும் பிள்ளை இதில் வராது. அதே 2010இல் சென்னைப் பல்கலைக்கழகம், தன்னோடு இணைந்த கல்லூரிகளில் ஏழைப் பிள்ளைகளுக்காக இலவசக் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பிளஸ் டூ முடிவு வந்தபின் விண்ணப்பிக்கச் சில நாட்களே தருவார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. ஆண்பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் பின்பு சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். நம் திருச்சபைப் பள்ளிகளில் பல இப்படி உதவி பெறுபவையே. ஆகவே உங்கள் பள்ளிப் பிள்ளைகளை விசாரியுங்கள்.

நான்காவது, பலர் அறியாதது. ஈ.எஸ்.ஐ. கழகம் நடத்தும் மருத்துவக் கல்லூரிகளில், கே.கே. நகரில் உள்ளது உட்பட, ஈ.எஸ்.ஐ. காப்பீடு செய்த தொழிலாளியின் பிள்ளைகளுக்கென்றே இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. நீட் தேர்வில் தகுதி பெற வேண்டும். பட்டறைத் தொழிலாளியின் மகள் டாக்டராக வரக்கூடிய ஒரு வாசல் அது. அப்பாவின் பெயர் ஈ.எஸ்.ஐ. பதிவில் ஏறியிருந்தால் மட்டுமே திறக்கும் வாசலும் அதுவே.

இவ்வளவும் இருந்தும் ஏன் பிள்ளைகள் தவறிப்போகிறார்கள்? அப்பாவுக்கு வரும் பணம் வழக்கு முடிந்த பிறகு வருகிறது. அரசு உதவி சான்றிதழ்கள் எல்லாம் சேர்ந்த பிறகு வருகிறது. கல்லூரிச் சேர்க்கையோ ஜூனில் தொடங்கி ஜூலைக்குள் முடிந்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் மூத்த பிள்ளை விழுகிறது.

வெளிமாநிலத்துத் தொழிலாளரின் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் கட்டப்பட்டு வந்த அனல்மின் நிலையத்தில் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். வேலை தேடி வெகுதூரத்திலிருந்து வந்தவர்கள். அப்படி வந்தவர்களில் கை போய், கால் போய் ஊர் திரும்புகிறவர்களும் உண்டு. அவர்கள் பிள்ளைகள் படிப்பது வேறு மாநிலத்துப் பள்ளியில். மேலே சொன்ன மாநில உதவிகளில் பெரும்பாலானவை அவர்களை எட்டுவதில்லை. அவர்களுக்கு நாங்களும் இதுவரை செய்தது கொஞ்சமே.

நாங்கள் கற்றுக்கொண்டது

தொடக்கத்தில் நாங்கள் செய்தது எளிய வேலை. நல்ல மார்க் வாங்கிய பிள்ளைக்கு ஜூனில் கட்டணம் கட்டினோம், ஒரு பைபிளையும் பேனாவையும் கொடுத்தோம், போட்டோ எடுத்தோம். அதோடு எங்கள் கடமை முடிந்தது என்று நினைத்தோம்.

அப்படிச் சேர்த்த ஒரு பையன். அவன் அப்பா கப்பலில் கண்டெய்னர்களைக் கம்பி போட்டுக் கட்டும் வேலையில் கால் நசுங்கினவர். பையன் பழைய வண்ணாரப்பேட்டையில் கல்லூரி சேர்ந்தான். இரண்டு செமஸ்டர் நன்றாக எழுதினான். மூன்றாவதில் காணோம். விசாரித்தால், கண்டெய்னர் லாரியில் கிளீனராகப் போயிருந்தான். "பீஸ் நீங்க கட்டிட்டீங்க சார், வீட்டுல அரிசிக்கு யார் கட்டுவாங்க?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டே கேட்டான். அதனால் எங்களுக்கு இன்னும் அதிகமாக வலித்தது. அவன் திரும்பி வரவில்லை.

அதன்பிறகு எங்கள் முறையை மாற்றிக்கொண்டோம். ஒரு வருடத்துக்கு அல்ல, படிப்பு முடியும் வரை என்று தொடக்கத்திலேயே வாக்குக் கொடுக்கிறோம். அதற்குப் பணம் கையில் இல்லாமல் புதிய பிள்ளையைச் சேர்ப்பதில்லை. கட்டணத்தை நேராகக் கல்லூரியில் கட்டுகிறோம். பஸ், மதியச் சாப்பாடு, தேர்வுக் கட்டணம், புத்தகம் இவற்றுக்கு மாதாமாதம் ஒரு சிறு தொகை தாயின் வங்கிக் கணக்கில் போடுகிறோம். மார்க்கை முதல் தகுதியாகப் பார்ப்பதில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளையைத் தாங்கப் பலர் இருக்கிறார்கள். அப்பாவின் ஆபரேஷன் நடந்த மார்ச் மாதத்தில் பரீட்சை எழுதிப் பாதி மார்க் வாங்கின பிள்ளையைத் தாங்க ஆள் குறைவு. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் சேருகிறவர்களையும் கல்லூரிப் பிள்ளைகளாகவே எண்ணுகிறோம்.

இன்னொன்று, அப்பாவின் காகிதங்களை நாங்களே கூட இருந்து முடிக்கிறோம். எங்கள் சமூக சேவகி ஒருவர் ஏ.ஆர். காப்பி, ஊனச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வாரியப் புத்தகம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார். அவருக்குக் கொடுக்கும் சம்பளமும் கல்வி உதவியின் கணக்கிலேயே வருகிறது. சிலர் இதை வீண்செலவு என்பார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு மூன்று வருடம் நாம் கொடுப்பதைவிட, அந்த அப்பாவுக்கு உரிமையாக வர வேண்டிய பணம் பல மடங்கு பெரிது.

இப்போது பாரதி மகளிர் கல்லூரியில் படிக்கும் ஒரு மகளின் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறோம். அப்பா பிரஸ்ஸில் மூன்று விரல் இழந்தவர். மகளைப் படிக்க வைக்க அவருக்கு முதலில் மனம் வரவில்லை. அவருடைய ஈ.எஸ்.ஐ. மாதப் பணம் முதல்முறை வந்த நாளில் எங்களிடம் வந்தார். "இது என் விரல் சம்பாதிச்ச காசு சார். இதுல அவ பஸ்ஸுக்கு நானே குடுத்துடறேன். நீங்க பீஸ மட்டும் பாத்துக்கோங்க" என்றார். அன்றிலிருந்து அந்த மகளுக்கு நாம் கொடுப்பது குறைந்தது. அந்த வீட்டுக்கு மரியாதை கூடியது.

வெளிநாட்டில் ஒரு முன்மாதிரி

இந்தக் குறையை மற்ற நாட்டாரும் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில், தொழிலாளர் நஷ்டஈட்டு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்கள் சேர்ந்து 1988இல் கிட்ஸ் சான்ஸ் என்ற பெயரில் ஒரு கல்வி நிதியைத் தொடங்கினார்கள். வேலையில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பலமாகக் காயப்பட்டுப் பிழைத்தவர்களின் பிள்ளைகளுக்கும் அது உதவுகிறது. பிறகு மற்ற மாநிலங்களிலும் அப்படிப்பட்ட நிதிகள் உருவாயின. அவர்கள் நாட்டில் சட்டமும் இன்சூரன்ஸும் நம்மைவிடப் பழக்கப்பட்டவை. அப்படியிருந்தும், நஷ்டஈடு பிள்ளையின் படிப்பு வரை எட்டவில்லை என்பதை, தினமும் அந்த வழக்குகளைப் பார்த்தவர்களே கண்டுகொண்டார்கள். ஆஸ்பத்திரியில் தினமும் அந்தக் கைகளைப் பார்க்கும் நாங்களும் அதையே காண்கிறோம்.

ஆகவே, எங்கள் பதில்

கடிதம் எழுதிய நம் பங்காளருக்கும் உங்கள் எல்லாருக்கும் எங்கள் பதில் இதுதான். ஆபரேஷன் ஒரு கையைக் காப்பாற்றுகிறது. அதே வீட்டில் அடுத்த கை அதே எந்திரத்துக்குள் போகாமல் காப்பது படிப்பு. இரண்டும் ஒரே சிகிச்சை. ஒன்றைச் செய்து மற்றதை விட்டால், சில வருடத்தில் மகனுக்கும் நாமே கட்டுப் போட வேண்டி வரும். அப்படிப் போட்டும் இருக்கிறோம்.

பணம் அனுப்ப இயலாதவர்கள் செய்யக்கூடிய மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறோம். உங்கள் சபையில் பட்டறையிலும் ஆலையிலும் கட்டடத்திலும் வேலை செய்கிறவர்களிடம், ஈ.எஸ்.ஐ. எண்ணோ வாரியப் பதிவோ இருக்கிறதா என்று ஆராதனை முடிந்ததும் கேளுங்கள். யாருக்காவது அடிபட்டால், மருத்துவமனைக்கு உடனே போய், நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லுங்கள். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ அடிபட்டாலும் உரிமை உண்டு என்பதையும் சொல்லுங்கள். மூன்றாவதாக, அடிபட்டவர் வீட்டுக்கு இரண்டாம் மாதமும் போங்கள். போகும்போது அப்பாவின் கையை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். "பெரிய பிள்ளை என்ன படிக்கிறது?" என்று கேளுங்கள்.

ஜூன் மாதம் நெருங்குகிறது. எங்கள் மேசையின் மேல் இந்த வருட விண்ணப்பங்கள் வந்து சேர ஆரம்பித்திருக்கின்றன. அவற்றை நாங்கள் வாசிக்கும்போது உங்களை நினைத்துக்கொள்கிறோம். உங்கள் ஜெபத்தில் இந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மூலக்கொத்தளத்திலிருந்து
உங்கள் உடன் ஊழியர்கள்